பன்னிரண்டு புட்டிக்கு ஒரு நாக்கு

"பதினெட்டு வருசமா ருசி பாக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு இந்தத் தொண்டைக்குக் கீழ இறங்குனதில்ல. இனியும் இறங்காது. இறங்குச்சுன்னா, நம்ம ஊருக் கடலு அன்னைக்கே கரிக்கிறத நிப்பாட்டிரும்!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு தூத்துக்குடியில், கடற்கரையோரத்துச் சபை ஒன்றின் பொதுவிருந்தான அசனப் பண்டிகைப் பந்தலில், ஒலிபெருக்கி வைத்து முழங்கப்பட்ட வார்த்தைகள் இவை. முழங்கியவர் கிருபாநிதி. கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஒலிபெருக்கி ஒரு தடவை கீச்சென்று கத்தி ஓய்ந்தது. கடல் தன்பாட்டுக்குக் கரித்துக்கொண்டிருந்தது.

ஒரு மனிதர் மேடையேறித் தன் தொண்டையைப் பற்றிச் சபதம் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். அவசியம் இருந்தது. சபையின் திருவிருந்துக்கு வேண்டிய திராட்சை ரசத்தைத் தயாரிப்பவர் அவர். ஊரெல்லாம் சாராயக்கடை திறந்து கிடந்த காலம். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் ஒரு ஜாடி ரசத்தை வைத்துக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா? பேசுவதற்கு முன்பே வாயை அடைத்துவிட்டார்.

கிருபாநிதி நம் ஜில்லாவிலேயே உள்ள நாசரேத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பதினேழாவது வயதில் மதுவிலக்குச் சங்கத்தின் உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டவர். அதுவரை மதுவைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர் அதை விட்டுவிட்டதாகக் கையெழுத்துப் போட்ட அந்த அட்டை, தூத்துக்குடி மில்லர்புரத்தில் அவர் வீட்டின் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. உத்தியோகம் ஓர் உப்புக் கம்பெனியில். மற்றவர்கள் கையால் வேலை செய்தார்கள், சிலர் வாயால் வேலை செய்தார்கள். கிருபாநிதி நாக்கால் வேலை செய்தார். உப்பின் தரம் பார்ப்பவர் அவர்.

உப்பில் தரம் என்ன வேண்டிக்கிடக்கிறது, எல்லா உப்பும் உப்புத்தானே என்பவர்கள் உப்பளத்துப் பக்கம் போகாதவர்கள். கிருபாநிதி ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். மனசுக்குள் பத்து எண்ணுவார். பிறகு துப்புவார். பத்து எண்ணுகிற அந்த நேரத்தில் அவர் தூத்துக்குடியில் இருப்பதில்லை. வெள்ளை வெயிலில், வெள்ளை அம்பாரங்களுக்கு நடுவே, வெள்ளை வேட்டி கட்டிய உடம்பு மட்டும் நிற்கும். ஆள் எங்கேயோ பாத்திக்குள், தண்ணீருக்கு அடியில், உப்பு கல்லாக உறைகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்து துப்பிவிட்டு, "வடக்குப் பாத்தி. புதன்கிழமை தூறல் பட்டிருக்கு" என்பார். புதன்கிழமை தூறியதை வானிலைக்காரர்களே மறந்திருப்பார்கள்.

சொன்னதை அப்படியே ஒரு படிவத்தில் எழுதவும் வேண்டும். நிறம், ஈரம், கல்லின் பருமனைச் சொல்லும் மணி, கசடு, கசப்பு என்று ஐந்து கட்டங்கள். உலகத்தில் எந்தப் பொருளையும் இந்த ஐந்து கட்டத்துக்குள் அடைத்துவிடலாம் என்பது கிருபாநிதியின் அசையாத நம்பிக்கை. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதுகூட மனசுக்குள் கட்டம் போட்டுக்கொண்டுதான் போனார். கசடு கொஞ்சம் இருந்தது, பரவாயில்லை என்று முடித்துவிட்டார்.

இந்த நாக்கின் புகழ் கேட்டுத்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன் சபை அவரைத் தேடி வந்தது. அதற்கு முன் பட்டணத்திலிருந்து புட்டியில் வந்த ரசம் இருமல் மருந்து போல இருந்ததாம். அன்று முதல் மில்லர்புரத்து அடுக்களையின் மூலையில் ஒரு பெரிய பீங்கான் ஜாடி குடியேறியது. கருந்திராட்சை வற்றலைக் கழுவுவது, உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போடுவது, ஒரு பிடி கோதுமை, எண்ணிப் பத்தொன்பது கிராம்பு, தினமும் மரக்கரண்டியால் கிண்டுவது, இருபத்தோராம் நாள் துணியில் வடிகட்டுவது, எல்லாம் மனைவி ஜீவமணி. வடிகட்டியதை நாக்கில் வைத்துப் பத்து எண்ணிப் பித்தளைப் படிக்கத்தில் துப்புவது கிருபாநிதி. ஆகவே அதற்குச் சபையில் 'கிருபாநிதி ரசம்' என்று பெயர்.

அப்படியானால் திருவிருந்தில் அவரும்தானே பாத்திரத்திலிருந்து குடிக்கிறார், அது இறங்கவில்லையா என்று ஒரு வாலிபன் ஒரு தடவை கேட்டான். "அது ஆராதனை. இது பரிசோதனை. ரெண்டும் வேற இலாகா" என்று கிருபாநிதி சொன்னதும் வாலிபன் வேறு சபைக்குப் போய்விட்டான். ஆராதனையிலும் அவர் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. அதனால் தம்முடைய ரசத்தின் மற்றொரு குணம் அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. கோடைக்காலத்தில் அந்த ஜாடி இருபத்தொரு நாளில் என்னவெல்லாம் கற்றுக்கொள்ளும் என்பது பாடகர் குழுவுக்குத் தெரியும். திருவிருந்து ஞாயிறுகளில் கடைசிப் பாட்டு மட்டும் ஏன் அத்தனை உருக்கமாக வருகிறது என்று போதகர் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

கிருபாநிதிக்கு வேறு பெருமை கிடையாது. நிலம் இல்லை. சபைக் கமிட்டிக்கு மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர். சைக்கிளுக்கு மணி கிடையாது. ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெள்ளைத் துணி சுற்றிய புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, மில்லர்புரத்திலிருந்து ஆலயம்வரை அவர் நடப்பார். அன்றைக்கு சைக்கிள் கிடையாது. ரசம் குலுங்கக் கூடாது. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடிப்பார்கள். கடலிலிருந்து காற்று வந்து துணியின் நுனியை ஆட்டும். அந்த ஒரு மைல் தூரம் கிருபாநிதி தரையில் நடந்ததாகச் சொல்ல முடியாது.

இந்த நடைக்குத்தான் எழுபத்துமூன்றாம் வருஷம் ஆவணி மாதம் ஆபத்து வந்தது. கப்பலேறி வந்தது.

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் மைல்கணக்கில் தள்ளி நிற்கும். மத்தியான வெக்கையில் பார்த்தால் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே எதிலும் படாமல் அந்தரத்தில் தொங்குவது போலிருக்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அப்படி வந்து நின்ற ஒரு கப்பல் பிரான்ஸ் தேசத்து மார்செய் துறைமுகத்திலிருந்து வந்தது, நிலாவாரை இலை ஏற்றிக்கொண்டு போக. நிலாவாரை என்ன செய்யும் என்பது மலச்சிக்கல் உள்ள எவருக்கும் தெரியும். நம் ஜில்லாவின் செம்மண்ணில் விளைந்த இலைதான் ஐரோப்பாவின் பாதி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தது என்பது நாம் அடக்கத்தினால் வெளியே சொல்லாத சரித்திரம்.

அந்தக் கப்பலின் கேப்டன் ரூவியேர் என்கிற கிழவர், பிரான்சின் தென்கோடியில் புராட்டஸ்டண்டுகள் கொஞ்சம் பேர் வாழும் ஒரு மலையடிவாரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை தோணியேறிக் கரைக்கு வந்து, மணி ஓசையைக் கேட்டு, ஆலயத்துக்குள் நுழைந்து, பந்தியில் முழங்காலிட்டார். பாத்திரம் அவரிடம் வந்தது. பரங்கிக்காரர் நன்றாகவே ஒரு மடக்கு குடித்தார். குடித்தவர் கண்கள் அகல விரிந்தன. முகம் சிவந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்து வெள்ளைத் தாடிக்குள் இறங்கியது.

மூன்றாவது வரிசையிலிருந்து இதைப் பார்த்த கிருபாநிதி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"ஏளா, கேப்டன் அழுதுட்டாரு!"

"கிராம்பு கூடிப்போச்சோ?" என்றாள் ஜீவமணி.

"ஒனக்கு எப்பவும் கிராம்புதான். உலகம் முச்சூடும் சுத்துன மனுசன். எத்தன ஊரு ரசம் குடிச்சிருப்பாரு! நம்ம ரசத்தக் குடிச்சுட்டுக் கண்ணீர் விடுதாரு."

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று ஜீவமணி மீனை அலசப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு மரப்பெட்டியும் ஒரு கடிதமும் கரையேறின. கொண்டுவந்தவர் பொன்னுதுரை. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, சபைக் கமிட்டியின் செயலாளர். சுங்கத்தில் முறைப்படி தீர்வை கட்டி எடுத்துவந்த பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில் பன்னிரண்டு புட்டிகள் படுத்திருந்தன. கமிட்டி கூடியது. கமிட்டியில் இல்லாத கிருபாநிதி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். பொன்னுதுரை ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கி வாசித்தார்.

"உங்கள் திருவிருந்து ரசத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் தம்பியின் தோட்டத்துச் சிவப்பு ரசம் பன்னிரண்டு புட்டி இத்துடன் அனுப்புகிறேன். இனி வரும் ஒவ்வொரு நடையிலும் பன்னிரண்டு புட்டி காணிக்கையாகத் தருவேன். தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்."

கடைசி வரியில் போதகர் ஜேசுபாதம் ஐயர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு ஏதோ புரிந்தது போலிருந்தது. ஐயர் என்பது அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகருக்குள்ள மரியாதைப் பெயர். மரியாதையானவர்கள் புரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

கடிதத்தில் திராட்சையைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. மூன்று ஜாதித் திராட்சையாம். கிரெனாஷ், சீரா, முர்வெத். மூத்தவன் வெயிலைத் தாங்குகிறவன். நடுவுள்ளவன் மிளகு போலக் காரமானவன். இளையவன் கடலைப் பார்த்தபடி நின்றால்தான் பழுப்பானாம். பந்தல் கிடையாதாம். ஒவ்வொரு கொடியும் குட்டை மரம் போலக் கல்லுக்கு நடுவே தனியாக நிற்குமாம்.

"ஓசியில வருது. பிரான்சுலேருந்து வருது. இனி என்ன யோசன?" என்றார் பொன்னுதுரை. "அடுத்த திருவிருந்துலேருந்து இதையே வச்சிரலாம். அண்ணாச்சி ஜாடிக்கும் ஓய்வு குடுத்த மாதிரி இருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல் அசைந்தது.

"அவசரப்படாதேயும்" என்றார் போதகர். "என்ன ஏதுன்னு தெரியாம ஒண்ணைப் பாத்திரத்துல ஊத்த முடியாது. ஒருத்தர் ருசி பாத்து எழுதிக் குடுக்கணும். இந்த ஊர்ல அதுக்கு ஒரே ஆளுதான் உண்டு."

"நல்லாருக்கு ஐயா! கோழியக் கேட்டா மசாலா அரைக்கது?"

"இந்தக் கோழி உள்ளதச் சொல்லும். ஏம் கிருபாநிதி, வெளிய நிக்கீரு, உள்ள வாரும்."

சனிக்கிழமை நாலு மணி என்று முடிவாயிற்று.

அந்த ஒரு வாரமும் கிருபாநிதி எங்கே இருந்தார் என்று அவருக்கே தெரியாது. உப்பளத்தில் நின்றார். ஆனால் கண்ணை மூடினால் பாத்தி தெரியவில்லை. ஒரு மலைச்சரிவு தெரிந்தது. பார்த்தே இராத அந்தச் சரிவில் குட்டைக் குட்டைக் கொடிகள் கையை விரித்துக்கொண்டு, பந்திக்குக் காத்திருக்கும் சபையார் போல வரிசையாக நின்றன. கீழே கடல். நம்முடைய கடல் மாதிரி பச்சை இல்லை, அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலம். இளையவன் முர்வெத் மட்டும் கழுத்தைத் திருப்பிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கிருபாநிதி அவனருகே போய் நின்றார். அவனும் ஒன்றும் பேசவில்லை, இவரும் ஒன்றும் பேசவில்லை. காற்று மட்டும் அடித்தது. பத்து எண்ண வேண்டியவர் நாற்பதுவரை எண்ணிவிட்டார். உப்பு வாயிலேயே கரைந்துபோனது. புதன்கிழமை படிவத்தில் 'மணி' என்ற கட்டத்தில் 'கிரெனாஷ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தச் சரக்கு கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது, யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது ஜீவமணி பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப்போறிய?"

"உள்ளதத்தான் சொல்லுவேன்."

"ஆகாதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? இங்கன யாருக்குத் தெரியப்போவுது? அந்தப் பொன்னுதுரைக்குக் கருப்பட்டிக் காப்பிக்கும் கஞ்சித்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது."

"பொய் சொல்லச் சொல்லுதியாளா?"

"நான் ஒண்ணும் சொல்லல. சனியோட அந்த ஜாடி காலியாயிரும்லா, அதுல உப்பு மாங்கா போடலாமான்னு யோசிக்கேன்."

கிருபாநிதி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். ஜீவமணி அவருடைய முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்புறம் சனிக்கிழம சாயங்காலம் நீங்க எங்கன போவிய?"

கிருபாநிதி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பித்தளைப் படிக்கத்தையும் உப்புக் கம்பெனிப் படிவம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிருபாநிதி ஆலயத்துக்குப் போனார். அங்கி மாற்றும் அறையில் போதகரும் பொன்னுதுரையும் மேஜைக்கு முன்னால் காத்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு புட்டி, மூன்று கண்ணாடி டம்ளர். மேற்கு ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து புட்டியின் தோளில் விழுந்திருந்தது. கிழக்கு ஜன்னலில் கடல்.

முதல் சோதனை தக்கை. இழுத்தால் வரவில்லை, அமுக்கினால் போகவில்லை. பொன்னுதுரை பல்லால் ஒரு கை பார்த்தார். பல்லுக்குத்தான் சேதாரம். "ஒரு தேசமே இப்பிடி அடைச்சு வச்சா எப்படிக் குடிக்கானுவ?" என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் ஆலயத்துக் கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் பெட்டியிலிருந்து ஒரு திருகாணியை எடுத்துத் தக்கைக்குள் திருகி இறக்கி, குறடால் பிடித்து இழுத்ததும், புட்டி பெருமூச்சு விட்டது. தூரதேசத்தில் அடைக்கப்பட்ட மூச்சு.

கிருபாநிதி ஊற்றினார். டம்ளரைத் தூக்கி, ஆணியில் தொங்கிய போதகரின் வெள்ளை அங்கிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். படிவத்தை எடுத்தார். 'நிறம்: மாதுளை. ஓரத்தில் செங்கல்.' அடுத்து ஈரம். உப்பில் நூற்றுக்கு நாலு தாண்டினால் தள்ளிவிடுவார். கொஞ்சம் யோசித்து, நேர்மையாக, 'நூற்றுக்கு நூறு' என்று எழுதினார். 'மணி: இல்லை. கசடு: அடியில் கொஞ்சம். மன்னிக்கலாம்.'

கசப்புக்கு நாக்கு வேண்டும். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார்.

முதலில் வந்தது நாவல் பழம். பழம்கூட அல்ல, மரத்தடியில் விழுந்து வெயிலில் வெடித்த நாவல் பழத்தின் தோல். அதற்குப் பின்னால் மிளகு. அதற்கும் பின்னால், மத்தியானத்தில் செம்மண் தேரி மேட்டில் நடந்தால் காலடியில் நசுங்கும் பேர் தெரியாத செடிகளின் வாசம். சூடேறிய கல்லின்மேல் முதல் தூறல். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

ஒன்று. மூத்தவன் வந்தான், கதகதப்பாக. இரண்டு, மூன்று. நடுவுள்ளவன் வந்து நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று கிள்ளினான். நாலு, ஐந்து. வாய் முழுக்கக் கொட்டைப்பாக்கு மென்றது போல ஒரு துவர்ப்பு, நாலு சுவரையும் இழுத்துப் பிடித்தது. கசப்பு எங்கே? மழை பட்ட உப்பின் கசப்பு அவருக்குத் தெரியும். அழையாமல் வந்து அடிநாக்கில் சம்மணம் போட்டு உட்காரும். இது அப்படி வரவில்லை. எட்டாவது எண்ணிக்கையில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தது. வந்து, எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று சுவரோரம் நின்றது. இளையவன். கடலைப் பார்த்து நின்றவன்.

முப்பதில் துப்பினார். படிக்கத்தில் விழுந்த பிறகும் அது வாயைவிட்டுப் போகவில்லை. சரிவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

இதற்குள் மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு வாய் பார்த்துவிட்டார்கள். போதகர் முகம் நிலாவாரைக் கஷாயம் குடித்தவர் முகமாயிருந்தது. பொன்னுதுரை ஜன்னலுக்கு ஓடிப்போய்க் காறினார்.

"சீ! இது என்னது, கருவேலம்பட்டைத் தண்ணியா? இனிப்பே இல்ல. கெட்டுப்போச்சு ஐயா. கப்பல்ல வெக்கையில கெடந்து கெட்டுப்போச்சு. அண்ணாச்சி, ஆகாதுன்னு எழுதுங்க. நானே கையெழுத்துப் போடுதேன்."

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் போதகர், வாயைத் துடைத்துக்கொண்டே. அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "கேப்டன் மனசு நோகாம நான் எழுதிக்கிடுதேன். உம்ம ரசமே இருக்கட்டும், கிருபாநிதி. நமக்கு அதுதான் தோது."

உலக சரித்திரத்தில் ஒரு மனிதனுக்கு வெற்றி இவ்வளவு சுலபமாக யாரும் பரிமாறியதில்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை. தலையைக்கூட ஆட்ட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், ஜாடி அடுக்களை மூலையிலேயே இருக்கும். மாடுகள் இழுத்துப் பிடிக்கப்படும். கடல்காற்று வெள்ளைத் துணியின் நுனியை ஆட்டும்.

கிருபாநிதி சும்மாதான் இருந்தார். கொஞ்ச நேரம். கிழக்கு ஜன்னலில் தோணிகள் பாயை இறக்கிக்கொண்டிருந்தன.

"கெடல ஐயா" என்றார்.

"என்னது?"

"இது கெட்டுப்போகல. நல்ல ரசம். இம்புட்டு நல்லதா ஒண்ணு நாக்குல பட்டதில்ல." டம்ளரை மேஜையில் வைத்தார். "நான் கருப்பட்டியப் போட்டு, கிராம்பப் போட்டு, எதையெல்லாம் மூடி வச்சிருந்தனோ, அத இவன் மூடாம வச்சிருக்கான். பாவம், கேப்டன் எதுக்கு அழுதாருன்னு இப்பம்தான் தெரியுது."

போதகர் மேஜையைப் பார்த்தார். பொன்னுதுரைக்கு இது விளங்கவில்லை. ஜாடி வேண்டாம் என்று தாம் சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே துடித்த மனிதர், ஜாடியே இருக்கட்டும் என்று எல்லாரும் சொல்லும்போது வேண்டாம் என்கிறார். இதில் ஏதோ சூது இருக்க வேண்டும்.

"எழுதுங்க பாப்போம்" என்றார்.

கிருபாநிதி பேனாவை எடுத்தார். 'கசப்பு: உண்டு. இருக்க வேண்டும்.' கீழே, 'முதல் தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மையை ஊதி உலர்த்தினார். படிவத்தைப் பொன்னுதுரை பக்கம் தள்ளினார்.

பொன்னுதுரை அதைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. முதல் தரம்னு எழுதிட்டிய, சரி. முதல் தரச் சாமான எதுக்குத் துப்புதிய?"

"அது அவரு வழக்கம், பொன்னுதுரை" என்றார் போதகர்.

"வழக்கம் இருக்கட்டும் ஐயா. நாளப்பின்ன இத முன்னூறு பேரு குடிக்கப்போறாக. ஒருத்தரும் துப்பப்போறதில்ல. நாக்கு வரைக்கும்தான் அண்ணாச்சி சாட்சி. அதுக்குக் கீழ என்ன செய்யும்னு இவுகளுக்கு எப்படித் தெரியும்? பாதி ருசி பாத்துட்டு முழுசுக்குக் கையெழுத்துப் போட்டா எப்படி?"

கேள்வியில் நியாயம் இருந்தது. பொன்னுதுரையின் வாயிலிருந்து நியாயம் வருவது அபூர்வமாகையால் போதகர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கிருபாநிதி தாம் எழுதிய படிவத்தைத் திரும்பவும் வாசித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கையெழுத்தையும் அவர் இப்படி இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

பிறகு டம்ளரை எடுத்தார். இந்தத் தடவை வெள்ளை அங்கிக்கு நேராகப் பிடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோகவில்லை. ஒரு வாய் நிறைய எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். போதகர் திரும்பிக் கடலைப் பார்த்தார். பொன்னுதுரை தம்மையறியாமல் படிக்கத்தைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினார். அது தரையில் கிறீச்சென்று தேய்ந்து நின்றது.

கிருபாநிதி பத்துவரை எண்ணவில்லை. எண்ணவே இல்லை. சரிவில் வெயில் நன்றாகத் தாழ்ந்திருந்தது, கொடிகளின் நிழல் நீண்டு கடலைத் தொட்டது. குரல்வளை ஒரு தடவை மேலே ஏறி, மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல் கீழே இறங்கியது.

கண்ணைத் திறந்தார். கால்மாட்டில் இருந்த படிக்கத்தைக் குனிந்து ஓரமாக நகர்த்தி வைத்தார். டம்ளரில் இன்னும் ஒரு வாய் மிச்சமிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டார்.